இமை உள்ள பல்லி

கண்ணாடித் தொட்டியின் வலைமூடி நகரும் சத்தம் கேட்டது. கையை உள்ளே விட்டுவிட்டாள், இனிமேல் புரண்டு படுக்கக்கூட முடியாது என்று, சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த குணசீலன் மூச்சை நிதானமாக்கிக்கொண்டான். தூங்குகிறவன் எப்படி மூச்சுவிடுவான்? பாதி ஆயுசைப் பகல் தூக்கத்தில் கழித்தவனுக்கு அது தெரியவில்லை. இழுத்துவிட்டால் நடிப்பு மாதிரி இருக்கிறது, மெல்லவிட்டால் செத்தவன் மாதிரி இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் வசுமதி, "பவுனு... வாடி தங்கம்... வா," என்று ரகசியக் குரலில் கூப்பிட்டாள். பல்லி மிரண்டுவிடும் என்று இறக்கிய குரல் இல்லை அது, இவன் தூக்கம் கலைந்துவிடும் என்று இறக்கிய குரல். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இருக்கிற பகல்களில் அவள் அந்தக் குரலில்தான் பேசுகிறாள். குக்கர் விசில் அடிப்பதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். கொலுசைக்கூட எப்போதோ கழற்றிப் பீரோவுக்குள் போட்டுவிட்டாள், எப்போது என்று அவன் கேட்டதில்லை, சத்தம் இல்லாமல் போனதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தான், கவனித்த அன்று நன்றாகத் தூக்கம் வந்தது. அந்த ஞாபகம் இப்போது எதற்கு? காலையிலேயே சொல்லியிருக்கலாம். ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே, வசு, இங்க பாரு, அது உன்கிட்ட வராததுக்கு நீ காரணமில்ல, என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் தலைவாரிக்கொண்டே, "சாயங்காலம் சீக்கிரம் வந்துருவேன், நெல்சன்னு ஒருத்தர் போரூர்லேர்ந்து வராரு, ஜெஸிக்குத் தெரிஞ்சவராம், பவுனக் குடுத்துடலாம்னு இருக்கேன்," என்றாள், பழைய பேப்பர் எடைக்குப் போடுகிற மாதிரி. அவன், "ம்," என்றான். ம். எத்தனை பெரிய பொய்க்கும் ஒற்றை எழுத்து போதுமாக இருக்கிறது.

ஜெஸி மேல் போர்ஷனில் இருந்த பேங்க் பெண். புனேவுக்கு மாற்றலாகிப் போகும்போது கண்ணாடித் தொட்டியோடு படியிறங்கி வந்து நின்றாள். உள்ளே ரொம்பப் பழுத்த வாழைப்பழத் தோல் மாதிரி மஞ்சளில் கறுப்புப் புள்ளி விழுந்து ஒரு சாண் நீளத்தில் அது. சிறுத்தைப் பல்லி ஆன்ட்டி, சுவத்துல ஏறாது, கத்தாது, கடிக்காது, ராத்திரி பூரா முழிச்சிருக்கும், என்று அவள் அடுக்கியதில் வசுமதி கடைசியில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, "ராத்திரி முழிச்சிருக்குமா?" என்று கேட்டாள். ஒரு பல்லியைப் பற்றிக் கேட்கிற கேள்வியாகவா இருந்தது அது? ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன் பெண்டாட்டி கேட்கிற கேள்வி. அவனும் பக்கத்தில்தான் நின்றான். உறைக்கத்தான் செய்தது. உறைத்தும், வீட்டுக்குள்ள பல்லி வளர்ப்பாங்களா, சொன்னா சிரிப்பாங்க, என்று சிரித்து வைத்தான். அவள் அதற்குப் பவுனு என்று பெயர் வைத்தாள். இரண்டாகப் பிளந்த பூந்தொட்டியில் ஒரு பாதியைக் கவிழ்த்து அது ஒளிந்துகொள்ள வீடு கட்டினாள். ஜெஸி போனில் சொல்லச் சொல்லப் பாடம் படித்தாள். மேலேர்ந்து கையைக் கொண்டு போகாதீங்க ஆன்ட்டி, பருந்துன்னு நெனச்சுக்கும். கையைத் தரையோட தரையா வெச்சிட்டு சும்மா இருங்க. நீங்க உடுத்தின துணில ஒரு துண்டு உள்ள போடுங்க, உங்க வாசனை பழகட்டும். புழுவை உங்க கையால மட்டும் குடுங்க, சாயங்காலம் மட்டும், கிண்ணத்துல போடாதீங்க, பசிச்சா வரும். பசிச்சா வரும். அந்த ஒரு வார்த்தையில்தான் இவன் கை வைத்தான். வசுமதி பழைய நைட்டியைக் கிழித்து உள்ளே போட்டாள். தினமும் கடையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல், சோப்பு வாசனை அதற்கு ஆகாதாம், தொட்டிக்குள் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, வராத பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். உள்ளங்கையில் ஒரு புழு நெளிந்துகொண்டிருக்கும். அவளுக்குப் புழு என்றால் சின்ன வயதிலிருந்தே உடம்பு கூசும். கத்தரிக்காயில் புழு இருந்தால் கத்தியோடு போட்டுவிட்டு ஓடுகிறவள்.

திருட வேண்டும் என்று நினைத்துத் திருடவில்லை, யார்தான் அப்படி நினைக்கிறார்கள்? ஒரு நாள் மத்தியானம் தூக்கம் பிடிக்காமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவன், புழு டப்பாவில் தவிடு தீர்ந்திருப்பதைப் பார்த்தான். தவிடு அவன்தான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுப்பது, அது ஒன்றுதான் இந்த விஷயத்தில் அவனுடைய பங்கு. அள்ளிப் போடும்போது ஒரு புழு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. சும்மா, சும்மாதான், மூடியை நகர்த்தி விரலை நீட்டினான். கவிழ்த்த பூந்தொட்டி ஓட்டுக்குள்ளிருந்து முகம் எட்டிப் பார்த்தது. வந்தது. ஒரு காலை வைத்து, யோசித்து, இன்னொரு காலை வைத்து. புழுவைத் தின்ற பிறகும் போகவில்லை, ரோஜா நிறத்தில் நாக்கை நீட்டி அவன் விரல் நுனியை ஒரு நக்கு நக்கியது. ராத்திரி முழுக்க அடுப்பு வாயில் நின்ற கை, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ரொட்டி வாசனை போகாத கை, மத்தியானம் வரைக்கும் சூடு இறங்காத கை. சூடுதான் அதற்கு வேண்டியிருந்தது. இவனுக்கு அது தெரியும். பொட்டலம் சுற்றி வந்த தாளெல்லாம் படிக்கிறவன், குளிர்ந்த ரத்தம், சூடு தேடும், என்று எங்கேயோ படித்திருக்கிறான். தெரிந்தும் என்னவோ தன்னைத்தான் தேடி வந்ததாக எடுத்துக்கொண்டான். மறுநாள் நெஞ்சிலேயே விட்டுக்கொண்டான். பனியனுக்கு மேல் நாலு சின்னக் கைகள், தாடையைக் கழுத்தெலும்புக் குழியில் வைத்து அது கண்ணை மூடியது. சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. மூடினால் மனுஷர் மாதிரி. எழுந்து போய் காலண்டரின் பின்பக்கம் பல்லி விழும் பலன் பார்த்தான். நெஞ்சில் விழுந்தால் லாபம் என்று போட்டிருந்தது, வந்து படுத்துத் தூங்கினால் என்ன என்று போடவில்லை. அப்புறம் தினமும். தினமும் புழு, தினமும் பேச்சு. சாப்ட்டியா கண்ணு, இன்னிக்கி மாவு சரியா பொங்கல, துளசிங்கம் கத்துறான், உனக்கென்ன ராணி மாதிரி இருக்க. அப்படிப் பேசுகிற ஒருவன் தனக்குள் இருப்பதே அவனுக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தான் அவன், இத்தனை நாள் யாரிடம் பேசாமல் சேர்த்து வைத்திருந்தான்? சாயங்காலம் அவள் கையை விரிக்கும்போது வயிறு நிறைந்த பல்லி ஓட்டுக்குள் குறட்டைவிடாத குறையாகப் படுத்திருக்கும்.

இதோ இப்போதும் அப்படித்தான் இருக்கும். மத்தியானம் கடைசித் தடவை என்று கொடுத்தான். கொடுக்காமல் இருந்திருந்தால் இப்போது பசியில் அவள் கைக்கு வந்திருக்கும், அவள் மனசு மாறியிருக்கும், நெல்சன் திரும்பிப் போயிருப்பான். அதுகூடத் தெரிந்துதான் கொடுத்தானா? போகிற பிள்ளைக்கு வயிறு நிறையட்டும் என்று பெரிய தாய் மாதிரி நினைத்துக்கொண்டு கொடுத்தான். தூ. முதுகுக்குப் பின்னால் அவள் நாற்காலி கிறீச்சிட்டது. கைமாற்றி வைக்கிறாள் போல. வலிக்கும், அந்தத் தோள் அவளுக்கு வலிக்கும். இரண்டு வாரத்துக்கு முன் ஜெஸியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள், இவன் அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தான், அதாவது இப்படித் தூங்கிக்கொண்டிருந்தான். "என் கையால ஒரு புழு தின்னதில்ல ஜெஸி, ஆனா வாலு மட்டும் குண்டு மொளகா மாதிரி ஆயிட்டே போவுது. காத்தக் குடிச்சு வளருது போல, சாமியார்ப் பல்லி." இரண்டு பேரும் சிரித்தார்கள். இவன் தலையணைக்குள் வேர்த்தான். வாலில்தான் அது கொழுப்பைச் சேர்த்து வைக்கும், திருட்டுச் சோறெல்லாம் ஊரறிய வாலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் சிரிப்பு நின்று, "இல்ல ஜெஸி, எனக்கு அந்த ராசி இல்ல. எதுவும் எங்கிட்ட ஒட்டாது," என்றாள். எதுவும். அந்த வார்த்தையில் பல்லி மட்டும் இல்லை என்பது ஜெஸிக்குத் தெரிந்திருக்காது. இவனுக்குத் தெரியும். ஒட்டாமல் போனதைத் துணியில் சுற்றி நர்ஸ் எடுத்துக்கொண்டு போன இரண்டு தடவையும் ராத்திரிதான். இரண்டு தடவையும் இவன் கம்பெனி அடுப்படியில் நின்றான். காலையில் வந்து பார்த்தபோது அவள்தான் இவனுக்குச் சமாதானம் சொன்னாள், இறக்கின குரலில். அன்றைக்கே அந்த போனைப் பிடுங்கி, வசு, அது உன் ராசி இல்லடி, என் கை, என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் கூச்சத்தோடு மூடியை நகர்த்தினான். கூச்சம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கூச்சம் ஒருவனைத் தடுக்கும் என்று யார் சொன்னது? கூட வரும், அவ்வளவுதான்.

மேலே டியூப்லைட் பின்னாலிருந்து வீட்டுப் பல்லி கத்தியது. வசுமதி நாற்காலிக் கையில் விரலால் தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா," என்றாள். அவள் மனசில் என்ன நினைத்த நேரத்தில் கத்தியதோ. இவன் மனசில் பனியன் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் இப்போது பயம், வெறும் பயம். அந்தக் கவிழ்த்த ஓட்டுக்கு அடியில் அவனுடைய பழைய பனியனின் ஒரு துண்டு இருக்கிறது. அவள் நைட்டித் துணி நனைந்து நாறுகிறதே என்று அலசிப் போட்ட அன்று, காய்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று கிழித்து வைத்தான். காய்ந்தது. அவள் துணியைத் திரும்ப மூலையில் போட்டான், தன்னுடையதை எடுக்கவில்லை, ஓட்டுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டான். காய்கிற வரைக்கும்! நீதிபதி முன்னால் நிற்கிற மாதிரி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். நெல்சன் வந்தால் ஓட்டைத் தூக்குவாள், தூக்காமல் எப்படிப் பிடிப்பது? அவள் கடைக்குப் போன பிறகு எடுத்திருக்கலாம், பகல் முழுக்க நேரம் இருந்தது, ஆனால் பல்லி அதன்மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்ப மனசு வரவில்லை. அவளை மட்டும் எந்த மனசோடு எழுப்பினான், காலையில் கதவைத் தட்டித் தட்டி? ரயில் போனது. வீடு லேசாக அதிர்ந்தது, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கொரட்டூரில் எல்லா வீடும் அதிரும். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். ஷிப்டு. அதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தான், அதுவும் வந்து நின்றது. போன வாரம் சூப்பர்வைசர் துளசிங்கம் தோளில் கைபோட்டு, "யோவ் குணசீலா, பகல்ல ஒரு எடம் காலியாவுது, எத்தினி வருசமா கேட்டுட்டிருந்த, எடுத்துக்கறியா?" என்றான். வசுமதி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிற விஷயம். ராத்திரியில் மனுஷனாக வீட்டில் இருக்கலாம். அந்த நேரத்தில் இவன் கண்ணுக்கு முன்னால் என்ன வந்தது? மத்தியான வெளிச்சம், பனியன்மேல் நாலு சின்னக் கை. "பாக்கலாம் சார், இப்ப வேணாம்," என்றான். சொன்னது தன் வாய்தானா என்று அடுப்பைத் திறந்து மூடிக்கொண்டே யோசித்தான். ஒரு பல்லிக்காக. ஊரில் குடிக்காக, சீட்டுக்காக, பொம்பளைக்காகக் குடும்பத்தைக் கெடுத்தவனையெல்லாம் பார்த்திருக்கிறான், வெளியே சொன்னால் அவர்களுக்குக்கூட ஒரு மரியாதை இருக்கிறது.

"சரிடி. போதும்," என்றாள் வசுமதி. இறக்கின குரல் இல்லை அது, சாதாரணக் குரல். அதனாலேயே அவனுக்குத் திக்கென்றது. கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொள்கிறாள். அட்டைப்பெட்டியின் காது பிரிகிற சத்தம். இப்போது எழுந்துவிடலாம், தூக்கம் கலைந்த மாதிரி, நான் புடிச்சுத் தரேன் இரு, என்று போய் ஓட்டையும் துணியையும் சேர்த்து அள்ளிப் பெட்டியில் போட்டுவிடலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. பார், கடைசி நிமிஷத்திலும் புத்தி எங்கே போகிறது! எழவில்லை. ஓடு மணலை உரசித் தூக்கப்பட்டது. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும். ஓடு திரும்பக் கீழே வைக்கப்படவில்லை. அவள் மூச்சு இழுப்பது கேட்டது. துணியை மூக்கருகே கொண்டுபோகிறாள், வேறென்ன, ரொட்டி வாசனையை வாழ்நாள் முழுக்கத் துவைத்தவள் அவள். கண்ணை இறுக்கினான். இமைக்குள் சிவப்பாகப் பூச்சி பறந்தது. திட்டட்டும், இப்போது திட்டினால் நன்றாக இருக்கும், பெட்டியைத் தூக்கித் தன்மேல் எறியட்டும். அவள் பேசினாள், ஆனால் இவனிடம் இல்லை. "போன வாரம் ஒரு நாள் தலவலின்னு சொல்லிட்டு மத்தியானமே வந்துட்டேன் பவுனு. பூட்டத் தொறக்கப் போறேன், உள்ள பேச்சுக் கொரல். யாரோ வந்திருக்காங்கன்னு ஜன்னல்கிட்ட நின்னேன். சாப்ட்டியா கண்ணுங்குது. இன்னிக்கி மாவு பொங்கலங்குது. நல்லாருந்துச்சி கேக்க. கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு, தட்டினா நின்னுடுமேன்னு திரும்பிக் கடைக்கே போயிட்டேன்." மணலைக் கையால் சமன் செய்கிற சத்தம். "மாவு பொங்காதது எனக்குத் தெரியாதுடி. ஒரு நாளும் சொன்னதில்ல."

அப்படியானால் ராசி இல்லை என்பதற்காகக் கொடுக்கவில்லை. அப்படியானால் இத்தனை நாள் சாயங்காலம் அவள் கையை விரித்து உட்கார்ந்திருந்தது, போன வாரத்துக்கப்புறமும் உட்கார்ந்திருந்தது, வராது என்று தெரிந்தே, முதுகு காட்டித் தூங்குகிறவன் பக்கத்தில், தெரிந்தே. எதற்காக? அந்தக் கேள்வியை முடிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. தொண்டையில் உமிழ்நீர் இறங்குகிற சத்தம் பெரிதாகக் கேட்டது, தூங்குகிறவன் அப்படி விழுங்க மாட்டான். ஏதாவது சொல்ல வேண்டும். இருக்கிற வார்த்தைகளில் தேடினான், அவளுக்கென்று வைத்திருந்தது ஒன்றுகூட இல்லை, எல்லாம் பல்லியிடம் செலவழித்தது. சுவரைப் பார்த்தபடியே, கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"சாப்ட்டியா?"

மணலைச் சமன் செய்த அவள் கை நின்றது.

"யாரக் கேக்குறீங்க?"

அதற்குள் கதவு தட்டப்பட்டது. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். "அக்கா, நான் நெல்சன். ஜெஸி சொன்னாங்களே, பல்லி..." என்றான். வசுமதி கதவோரம் ஒதுங்கி நின்றாள். கையில் பனியன் துண்டு. "அவரக் கேளுங்க," என்றாள். குணசீலன் எழுந்து உட்கார்ந்தான். லுங்கியைச் சரிசெய்துகொண்டான். வந்தவன் முகத்தைப் பார்த்தான், வசுமதியைப் பார்ப்பதற்கு அது சுலபமாக இருந்தது.

"பகல் ஷிப்டு தரேன்னாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன்," என்றான்.

"சார்?"

"மத்தியானத்துல இது எம்மேல வந்து படுத்துக்கும். அதுக்காகத்தான் வேணாம்னேன். இவகிட்ட சொல்லல. புழுவும் நாந்தான் போட்டேன், தெனமும். அதான் இவ கைக்கு வரல."

நெல்சன் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல், "பகல்ல அது தூங்குற பிராணி சார், ராத்திரிதான் ஆக்டிவா இருக்கும்," என்றான் பணிவாக.

"தெரியும் தம்பி."

வசுமதி சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, அவன் பார்க்கவில்லை. "உள்ள வந்து உக்காருங்க தம்பி, அவ்ளோ தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க, காபி குடிச்சிட்டுப் போங்க. பல்லி வரல," என்றாள். தொட்டியருகே வந்து பனியன் துண்டை உள்ளே போட்டாள். மூலையில் கிடந்த நைட்டித் துணியை இழுத்து அதன்மேல் போட்டாள். ஓட்டைக் கவிழ்த்தாள். பிறகு மேஜைமேல் இருந்த அவன் போனை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு, "துளசிங்கத்துக்குப் போடுங்க. எடம் போயிருந்தாலும் போயிருச்சின்னு எனக்குக் கேக்குற மாதிரி கேட்டுச் சொல்லுங்க," என்று அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் ணங்கென்று விழுந்தது. எடுத்துச் சத்தமாகவே வைத்தாள்.

போட்டான், மறுமுனையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. துளசிங்கம் எடுக்கிற வரைக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொட்டிக்குள் பார்த்தான். கவிழ்த்த ஓட்டின் வாயில் பவுனு முகத்தை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தது. பிறகு மெல்ல, மனுஷர் மாதிரி, இரண்டு இமைகளையும் மூடிக்கொண்டது. அது தூங்கவில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.